முன்வரிசைக்காரர்

முக்கால் மணி நேரமாக அந்த மனுஷன் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை.

மண் பாதைக்கு இரண்டு பக்கமும் முள்ளுப்புதர். சிங்கங்கள் படுத்திருந்த இடத்தில் மட்டும்தான் புதரில் இடைவெளி. அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு அவருடைய வெள்ளை வண்டி. பின்னால் நாங்கள். எங்களுக்குப் பின்னால் இன்னும் எட்டு வண்டிகள். ஒருவருக்கும் ஒரு வால்கூடத் தெரியவில்லை.

இந்தக் காட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பின்னால் வருகிறவருக்கு இடம் விட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"இந்தக் காடு என்ன அவரு பாட்டன் சொத்தா?" என்றேன்.

"வெள்ளைக்காரங்க ஆண்ட காலத்துல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் மொலேஃபி, என் கணவர்.

வெள்ளைக்காரப் பெரியவர். காக்கித் தொப்பி. எங்கள் வயிறு எரிவது தெரியாமல் ஃப்ளாஸ்கிலிருந்து காபி வேறு ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சிங்கம் பாக்காமலே ஊருக்குப் போயிடுவோமா?" பின் சீட்டில் பலேசாவின் குரல் உடைந்தது. எங்கள் ஊர் சொவேட்டோவில், சிங்கம் பார்க்கப் போவதாகத் தன் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இன்று கடைசி நாள். ஆறு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். டப்பாவில் அவளுக்காக வைத்திருந்த மக்வின்யா போண்டாவைக்கூட அவள் தொடவில்லை.

இந்தக் கடைசி நாளே பெரும்பாடு பட்டுக் கிடைத்தது. நேற்று கேம்ப் வாசலுக்கு வந்ததும் ஒரு டயர் கிழிந்து, ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதுவும் வெடிப்பு விட்டிருந்தது. காலையில் கேம்ப் பெட்ரோல் பங்கில் பலேசா அழுத அழுகை! நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, பெட்ரோல் போடுகிற பெண் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இது உங்க வண்டிக்குச் சேரும். யாரோ குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க. சாயங்காலம் வெளியே போறப்ப கேட்டுல வேற டயர் வாங்கி மாட்டிக்கிட்டு, இதை அங்கேயே வெச்சுட்டுப் போனா போதுமாம்."

பேரைக்கூடச் சொல்லவில்லையாம்.

"அப்படியும் மனுஷங்க இருக்காங்க, இப்படியும் ஜென்மங்க இருக்கு," என்றேன் இப்போது, வெள்ளை வண்டியைப் பார்த்து.

மொலேஃபி இரண்டு முறை விளக்கைப் போட்டு அணைத்தார். பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டார். ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. ஒரு விரலைக் கீழே தரையை நோக்கிக் குத்திக் குத்திக் காட்டினார்.

எங்கள் ஊரில் டாக்ஸியை நிறுத்த விரலைக் கீழே காட்டினால், 'தூரமெல்லாம் போகல, இங்கேயேதான்' என்று அர்த்தம்.

"திமிரைப் பாத்தீங்களா? இங்கேயேதான் இருப்பாராம்!"

"விடு பலேசா அம்மா. வயசானவரு."

"வயசானா அறிவு வேணாமா?"

தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "ஐயா! டிக்கெட் உங்களுக்கு மட்டும்தான் குடுத்தாங்களா? பின்னாடி ஒரு குழந்தை அழுதுக்கிட்டிருக்கு!"

அவர் மறுபடியும் விரலைக் கீழே காட்டினார். அவ்வளவுதான். நுழைவு பர்மிட்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போனைப் போட்டேன். வெள்ளை வண்டி, நம்பர், எல்லாம் சொன்னேன்.

"அந்த வண்டிதானே? ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்கம்மா," என்றார்கள்.

"பாத்தீங்களா? எனக்கு முன்னாடியே யாரோ புகார் குடுத்திருக்காங்க," என்றேன்.

கால் மணி நேரத்தில் ரேஞ்சரின் ஜீப் வந்தது. புதருக்குள் ஏறி மெல்ல முன்னேற, சிங்கங்கள் சோம்பல் முறித்து எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து! எங்கள் வண்டிக்கு முன்னாலேயே பாதையைக் கடந்து போயின. பலேசா மூச்சு விடக்கூட மறந்து பார்த்தாள்.

ரேஞ்சர் ஒருவர் துப்பாக்கியோடு காவல் நிற்க, இன்னொருவர் பெரியவரை இறங்கச் சொன்னார்.

"நல்லா ஃபைன் போடுங்க சார்!" என்று நான் கத்தினேன். பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

ரேஞ்சர் வண்டியின் அந்தப் பக்கம், சிங்கங்கள் படுத்திருந்த பக்கம் போய்க் குனிந்தார்.

"டயர் நார் நாராக் கிழிஞ்சிருக்கே. ரிம்மும் மணல்ல புதைஞ்சு போச்சு. நீங்க போன் பண்ணப்பவே நாங்க வந்திருக்கணும், தாமதமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க ஐயா."

"பரவாயில்ல தம்பி. சக்கரத்துல சாஞ்சே ஒரு சிங்கம் தூங்குச்சு. எப்படி இறங்கறது? பின்னாடி நிக்கறவங்களுக்குக் கையால காட்டினேன். அவங்களுக்குப் புரியல."

வெளியே நீட்டியிருந்த தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். மொலேஃபி என்னைப் பார்க்கவில்லை. அதுவே திட்டியது போலத்தான் இருந்தது.

"ஸ்டெப்னி எங்கே ஐயா? மாட்டிடலாம்."

"இல்லப்பா. காலைல கேம்ப் பெட்ரோல் பங்க்ல குடுத்துட்டேன்."

"ஸ்டெப்னி இல்லாம காட்டுக்குள்ள வருவாங்களா? இந்த வயசுல என்ன காரியம் ஐயா இது!"

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒரு சின்னப் பொண்ணு, சிங்கம் பாக்கலைன்னு அங்கே தேம்பித் தேம்பி அழுதுச்சுப்பா. மனசு கேக்கல. பாத்துச்சோ என்னமோ."

நான் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றப் போனேன். அதற்குள் பின் சீட்டு ஜன்னலில் தலையை நீட்டி, காடே கேட்கும்படி பலேசா கத்தினாள்.

"பாத்துட்டேன் தாத்தா! அஞ்சு சிங்கம்!"