ஒட்டிக்கொண்டது

கட்டு அவிழ்க்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நர்ஸ் தங்கையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தங்கைக்கு அது லேசில் வருகிற காரியமில்லை. வார்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்றே பெயர் விழுந்திருந்தது.

அக்காவின் கழுத்திலிருந்து துணி சுற்றுச் சுற்றாக இறங்கியது. சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்தபோது தாடை, கழுத்து, முதுகு, தொடை என்று வெந்துபோனவள் அவள்.

சின்னக் காயமென்றால் ஓரத்துத் தோலே மெல்ல நகர்ந்து வந்து மூடிவிடும், வடுவைத் தேடினால்தான் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவ்வளவு ஆழமும் அகலமுமான புண்ணில் அது நடுவரை எட்டாது. கிடைத்த நாரை வைத்துக் கிழிசலைத் தைப்பதுபோல, உடம்பு அவசர அவசரமாக இடத்தை அடைத்துவிடும். அந்த வடு பிறகு இறுகி இறுகித் தாடையை நெஞ்சோடு இழுத்துவிடும்.

வேறு தோல் எடுத்து வைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அக்காவின் உடம்பில் தோல் எடுக்கத் தோதான முதுகும் தொடையும்கூட வெந்துபோயிருந்தன.

“என்னோடதை உரிச்சுக்கங்க” என்று அண்ணன் சட்டையைக் கழற்றியே விட்டான். அவன் பின்னால் அப்பாவும் வந்து நின்றார்.

பெற்ற அப்பாவுடையதாகவே இருந்தாலும் உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுபிடித்துச் சில வாரங்களில் உதிர்த்துவிடும் என்றார் டாக்டர். சொல்லிக்கொண்டே திரும்பியவரின் பார்வை தங்கையின் மேல் விழுந்து, அங்கேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது அவள் தொடையிலும் ஒரு கட்டு. நொண்டி நொண்டித்தான் வந்து நின்றிருந்தாள்.

கடைசிச் சுற்றும் கழன்றது. டாக்டர் குனிந்து விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் விரலை எடுத்ததும் சிவந்தது. உள்ளே ரத்தம் ஓடுகிறது.

“ஒட்டிக்கிச்சு” என்றார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். “கண்ணாடி இருக்கா?”

அந்த வார்டில் கண்ணாடி வைப்பதில்லை.

தங்கை காலை இழுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். தன் முகத்தை அக்காவின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

அதே நெற்றி. அதே மூக்கு. முன்பற்களுக்கு நடுவே அதே சந்து.

கொஞ்ச நேரம் முந்திக்கொண்டதால்தான் ஒருத்தி அக்கா, மற்றவள் தங்கை. பெற்றவளே எத்தனையோ தடவை இவளுக்கு விழவேண்டிய அடியை அவளுக்கு வைத்திருக்கிறாள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள். அக்காவின் உடம்புக்கும் இந்த ஆள்மாறாட்டம் பிடிபடவில்லை.

“இதோ பாருக்கா. இங்கேருந்து” என்று தங்கை தன் தாடையில் விரலை வைத்து, கழுத்து வழியாக இறக்கினாள். “இதுவரைக்கும் செவப்பா, ஓரம் மட்டும் கொஞ்சம் மேடா இருக்கு. மத்ததெல்லாம் இப்படியேதான் இருக்கு. ஒண்ணும் கெட்டுப்போகல.”

விரல் போன வழியை அக்கா கண்ணாலேயே தொடர்ந்தாள். அப்புறம் பார்வையை உயர்த்தி, எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

“அது சரி, கண்ணாடி ஏன்டி அழுவுது?”