ஆட்சேபணை இல்லை

குடியிருப்புச் சங்கத்தின் பொதுப் பதிவேட்டில் பல் டாக்டரம்மாவின் செல்போன் எண் இருந்தாலும் இருந்தது, அவர் சோற்றில் கை வைத்தால் போதும், யாருக்காவது கடைவாய்ப் பல் வலித்தது.

பொறுத்துப் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் போனார்.

"என் நம்பரைப் பதிவேட்டுலேர்ந்து எடுத்துடுங்க சார்."

"தாராளமா எடுத்துடலாம்மா. உங்க ரகசியம் எங்க ரகசியம். விதிப்படி இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்."

டாக்டரம்மா நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். போன் அடித்தது.

"டாக்டர், மூணாவது மாடியிலேர்ந்து பேசறேன். உங்க நம்பரை எடுக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

வைத்ததும் மறுபடி அடித்தது.

"எங்க வீட்ல யாருக்குமே ஆட்சேபணை இல்லம்மா!"

சோறு ஆறிப்போனது. டாக்டரம்மா செயலாளரைப் போனில் பிடித்தார்.

"என்ன சார் பண்ணித் தொலைச்சீங்க?"

"பதிவேட்டுல எதை மாத்தினாலும் எல்லாரையும் கேக்கணும்கிறதுதானேம்மா விதி? அதான், 'இந்த எண்ணை நீக்க ஆட்சேபணை உண்டா? உரியவரிடமே தெரிவிக்கவும்'னு எழுதி, உங்க நம்பரையும் போட்டு, லிஃப்ட்ல ஒட்டிட்டேன்."

டாக்டரம்மா இணைப்பைத் துண்டித்தார். உடனே அடுத்த அழைப்பு.

"அம்மா, நான் இங்க குடியிருக்கறவன் இல்ல, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன். எனக்கும் ஆட்சேபணை இல்ல. அப்புறம்... இந்தக் கடைவாய்ப் பல்லு..."