வாடகைச் சுவர்

காபி டம்ளரோடு மாடிப்படி இறங்கி வந்த உலகம்மை, வாடகைக்கு விட்டிருக்கும் கீழ்வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறாள். உள்ளே, கட்டிலை இழுத்துப் போட்ட அறையில், ஜன்னல் வெயில் நெடுகக் கருந்தூசி பறக்கிறது. அவள் புருஷன் வைத்தீஸ்வரன் ஸ்டூலில் ஏறி நின்று, மழைக்குச் சுவரெல்லாம் பூத்துவிட்ட பூசணத்தை உப்புத்தாளால் வரட்டு வரட்டென்று தேய்க்கிறார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. தூசி போகாமல் மூக்கைச் சுற்றி ஒரு மஞ்சள் துப்பட்டா. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற டீச்சர் பத்மப்ரியாவின் தோளில் துப்பட்டா இல்லை.

"பைய அண்ணாச்சி. கண்ணுல விழுந்திரப் போவுது."

"விழட்டும். இந்த ஓதத்துக்குள்ள நீ எப்படிம்மா ஒறங்குவ?"

மாடி அடுக்களையில் மூன்று ஐப்பசியாக இதே பூசணம் அப்பிக் கிடக்கிறது. அங்கே ஸ்டூலில் ஏறச் சொன்னால் இந்த மனுஷனுக்கு முட்டு வலி வந்துவிடும். இங்கே அவர் தேய்க்கத் தேய்க்கச் சுவர் வெளுத்துக்கொண்டு வருகிறது. எத்தனை பாங்காக, மூலைமுடுக்கு விடாமல் தேய்க்கிறார். உலகம்மையின் கையில் காபி ஆறி ஆடை கட்டுகிறது.

திரும்பிப் பார்த்தவர், துப்பட்டாவை அவசரமாகத் தாடைக்கு இறக்குகிறார்.

"வாடகை வாங்குதோம்லா. நாமதான செஞ்சு குடுக்கணும்?"

உலகம்மை டம்ளரை ஜன்னல் கட்டையில் வைக்கிறாள். அவள் குரல் உயரவே இல்லை.

"மாடிக்கு வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க. வார மாசத்துல இருந்து நானும் தாரேன்."