மாதிரிக்கு ஒரு பெயர்

மரத்தில் எழுத டயோடு லேசர் போதும், அக்ரிலிக்கை வெட்டினால்தான் பெரிய மெஷின் வேண்டும் என்று ரூஹி மறுபடியும் சொன்னாள்.

ரகுபதிக்கு மரம் போதும். சந்தேகங்கள்தான் தீரவில்லை.

புகை சன்னல் வழியாக முழுக்கப் போய்விடுமா? போட்டோ கொடுத்தால் மூக்கும் முழியும் தெளிவாக விழுமா? அவசரமென்றால் ஒரே மூச்சில் நூறு பலகை தாங்குமா?

பொழுதுபோக்குக்கு வாங்குகிறவருக்கு நூறு பலகை எதற்கு என்று ரூஹி கேட்கவில்லை. அதையெல்லாம் கேட்டால் தி.நகரில் மெஷின் கடை நடத்த முடியாது.

பக்கத்து ஸ்டூலில் ரகுபதியின் அப்பா வேதாந்தம், கடையில் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தார். ரிட்டயரான நாள் முதல் சோபாவில் செல்போனோடு கிடந்த பிள்ளைக்கு ஒருவழியாக ஏதோ ஒன்றில் ஆசை வந்திருக்கிறது. முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் கூடவே வந்துவிட்டார்.

"நல்லதாவே வாங்குடா. ஆத்துக்கு வந்தப்புறம் முழிக்கக் கூடாது."

"மாதிரிக்கு ஒரு பேர் போட்டுக் காட்றேன் சார். என்ன பேர்?" என்றாள் ரூஹி.

ரகுபதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தானே அடித்தார்.

அப்பாவின் பெயர். பிறந்த வருடம். ஒரு சிறு கோடு. அதற்கப்புறம் வெற்றிடம்.

அம்மாவின் பதின்மூன்றாம் நாள் காரியத்தன்று தம்பி ஸ்ரீகிருஷ்ணா, அம்மா முகம் செதுக்கிய பலகைகளைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தான். சொந்தமெல்லாம் அவனைக் கொண்டாடியது. மூத்த பிள்ளை பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை அது நடக்காது.

ரூஹி திரையைப் பார்த்தாள். ரகுபதியைப் பார்த்தாள். ஸ்டூல் பக்கம் திரும்பாமல் பொத்தானை அழுத்தினாள்.

நீல வெளிச்சம் மரத்தின்மேல் ஊர்ந்தது. கருகல் வாசனை எழுந்தது.

ரகுபதி கை நீட்டுவதற்குள் வேதாந்தம் பலகையை வாங்கிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை முகத்தருகே பிடித்தார். தன் பெயரைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார்.

கோட்டைத் தாண்டியதும் விரல் நின்றது.

வெறும் மரத்தைக் கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த மெஷின் வேண்டாம்டா. பாதியிலேயே நின்னுடறது."