வலி பத்துக்கு எவ்வளவு?

"சேலையூர் குப்புராஜ் அண்ணாவா? ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். வலி பத்துக்கு எவ்வளவுண்ணா?"

"ஜீரோ மேடம். சூப்பரா கீறேன்."

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து நான்கு மாதமாக இதே கேள்வி, இதே பதில். கஞ்சிகூட இறங்காத மனுஷன்! மனைவி கன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்குய்யா இந்தப் பொய்?"

குப்புராஜ் போனைக் கையால் பொத்தினார். "எனக்குக் கதிர்வீச்சு கரண்ட் வெச்ச டாக்டரு சின்னப் பொண்ணு. நான் வலிக்குதுன்னா, அதுக்கு மார்க்கு கொறைஞ்சிடும்."

அவள் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரைப் போட்டு, உண்மையைக் கொட்டினாள்.

எதிர்முனையில் பேசிய பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, மார்க் டாக்டருக்கில்ல, சோதிச்சுப் பாக்கற இந்தப் புது சிகிச்சைக்கு. நீங்க சொன்னதை நம்பித்தான் இன்னும் பதினோரு பேருக்கு அதே அளவு கரண்ட் வைக்கிறாங்க."

குப்புராஜின் முகம் சுருங்கிப்போனது.

"எட்டு மேடம். போன மாசமும் எட்டுதான்."