படத்தில் விழுந்த ஆள்

அன்றைக்கு அந்த ஓட்டலின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். விருந்தாளிகளின் கார்களை வாங்கி நிறுத்துகிற டிரைவர். இன்சூரன்ஸ் ஆபீஸ் முடிந்தால் கேமராவும் கையுமாகத் திரிகிற கேமராக்காரன். எதற்கெடுத்தாலும் பாடம் எடுப்பதால் 'வாத்தி' என்று பெயர் வாங்கிய செல்போன் கடைக்காரன். டிரைவரின் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி.

ஐந்தாவதாக ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே ராத்திரி ஒரு மணிக்கு மற்ற மூவரையும் டிரைவர் பின்வாசல் வழியாக உள்ளே விட்டிருந்தான்.

கார் ஒரு குழாய்க்கடை முதலாளியுடையது. சனிக்கிழமை ஓட்டலில் குடித்துவிட்டால் காரை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் வீட்டுக்குப் போகிற மனிதர்.

"மாமா, லைட்டை எல்லாம் அணைச்சிடுங்க," என்றான் மச்சான்.

இருட்டில் கேமராவின் கண்ணை முப்பது விநாடி திறந்து வைப்பார்கள். அதற்குள் ஒருவர் குழல் விளக்கைக் காரின் மேல் பிடித்தபடி சுற்றி நடந்து முடிக்க வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் படத்தில் கார்தான் விழும், ஆள் விழமாட்டான். எங்கேயாவது நின்றால் விழுந்துவிடுவான்.

விளக்குப் பிடித்தது டிரைவர்தான். அந்தக் காரை இடிக்காமல் இருட்டில் சுற்றிவர அவனால்தான் முடியும்.

பக்கக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. தொழில் புத்தி. நின்று சட்டைக் கையால் துடைத்துவிட்டு நடந்தான்.

"நின்னுட்டியேடா பாவி!" கேமராக்காரன் கத்தினான். "இங்க பாரு, ஆவி மாதிரி விழுந்திருக்க!"

"அதை அழிச்சிடுடா. யாராவது பார்த்தா என் வேலை போயிடும்."

"இதைச் சொல்லணுமா? அழிச்சாச்சுன்னு வெச்சுக்கோ."

ஆனால் இரண்டே நாளில் எல்லார் செல்போனிலும் அந்தப் படம்தான் சுற்றியது. கேட்டால், "அதுதான்டா நல்லா வந்திருந்துச்சு. உன் முகத்தைக் கறுப்பாக்கிட்டேனே," என்றான் கேமராக்காரன்.

அடுத்த வாரம் மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டார். சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "உனக்கே தெரியும்," என்றார்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் வீட்டுக்கு ஓடி வந்தார்கள்.

"எல்லாம் அந்தக் குழாய்க்கடைக்காரன் வேலை," என்றான் கேமராக்காரன். "படத்துல உன்னை அடையாளம் கண்டுபிடிச்சுட்டான். காரை யாராவது தொட்டா இவனுங்களுக்கு உயிரே போற மாதிரி."

"பணம் சேரச் சேர மனசு சுருங்கும். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றான் வாத்தி.

"நான்தான் நின்னுட்டேன். தப்பு என்மேலதான்," என்றான் டிரைவர்.

"அதுவும் சரிதான். நடன்னா நடக்கணும்," என்றான் வாத்தி.

டீயை வைத்த மனைவி சொன்னாள்: "அந்த முதலாளியையே போய்ப் பார்த்துக் கெஞ்சிக் கேளுங்களேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துக்குவாங்க."

"போகாதேடா!" கேமராக்காரன் எழுந்தே விட்டான். "அவன் கால்ல விழப்போறியா? மானம்னு ஒண்ணு வேணாம்?"

"அக்கா, மாமா அங்க போனா எனக்குத்தான் கேவலம்," என்றான் மச்சான்.

"அடுத்த மாசம் வீட்டுக்காரர் வந்தா உன் மானத்தையா வாடகைக்குக் குடுக்க முடியும்?" என்றாள் அக்கா.

கிளம்பும்போது கேமராக்காரன் டிரைவரின் தோளைக் கட்டிக்கொண்டான். "நாங்க இருக்கோம்டா உனக்கு."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், குழாய்க்கடைக்குப் போய் நின்றான்.

கடைச் சுவர் முழுக்கப் பளபளவென்று குழாய்கள். நடுவில், சட்டம் போட்டு, அந்த மஞ்சள் கார்ப் படம்.

"மன்னிச்சிடுங்க சார். இந்தப் படத்துல இருக்கிறது நான்தான்."

"படத்துல நீயா? எங்கே?" முதலாளி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அட, ஆளா இது? நான் ஏதோ புகைன்னுல்ல நெனச்சேன்!"

"அப்போ மேனேஜர்கிட்ட நீங்க..."

"நான் ஏன்பா சொல்றேன்? படம் பிடிச்சுப் போச்சு. எடுத்தவங்களைப் பாராட்டலாம்னு விசாரிச்சு நம்பர் வாங்கி ஓட்டலுக்கு வரச் சொன்னேன். மூணு பேர் வந்தாங்க. மேனேஜர் படத்தைப் பார்த்துட்டு, 'உங்களை யார் உள்ள விட்டது, போலீசைக் கூப்பிடவா?'ன்னு மிரட்டினார். உடனே அந்தக் கேமராக்காரர், 'உங்க டிரைவர்தான் காசு வாங்கிட்டு விட்டான் சார்'னுட்டார்."

"காசா?"

"ஒரு போட்டோவுக்காக ஒருத்தன் பொழப்பைக் கெடுக்காதீங்கன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்ப்பா. மேனேஜர் கேட்கலை."

டிரைவர் சுவரில் இருந்த குழாய்களைப் பார்த்தான். ஒன்றிலும் தண்ணீர் வராது.

"கூட வந்த ரெண்டு பேரும் எதுவும் சொல்லலியா சார்?"

"ஒருத்தர், 'ஒவ்வொரு தடவையும் வாங்குவான்'னு கூடவே எடுத்துக் கொடுத்தார். இன்னொருத்தர், சின்ன வயசு... 'அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது சார்'னார். ஏன்ப்பா, அவங்கெல்லாம் உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார்," என்றான் டிரைவர். "அதுல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல."