வாகனத்தில் ஒரு மாமியார்

“அக்கா, முதல்லயே சொல்லிப்போட்டன். செட்டைக் கழட்டேக்கை உள்ளுக்குள்ள இருக்கிற கசெற் அறுந்தால் நான் பொறுப்பில்லை.”

கனடாவில், வெக்ஸ்போர்ட் பக்கம் கார்களுக்குப் பாட்டுச் செட் பூட்டிக் கொடுக்கும் நீக்கிலாஸ் இப்படிச் சொன்னதும் குணவதி நீட்டிய வாகனத் திறப்பைப் பின்னுக்கு இழுத்தாள். ஆனாலும் வந்த காரியத்தை விட்டுவிட்டுப் போகிறவள் அல்ல அவள்.

“அறுந்தால் அறுகட்டும் தம்பி. இந்தப் பழசைக் கழட்டிப்போட்டு நல்ல சீடி செட் ஒண்டு பூட்டுங்கோ. நாளைக்கு என்ர மனுசன்ர பிறந்தநாள். நைற் ஷிப்ற் முடிச்சு வந்து நித்திரை. எழும்ப முதல் நான் வாகனத்தைக் கொண்டுபோய் விடோணும்.”

பதினொரு வருடத்துப் பழைய ஜீப் அது. மூன்று பிள்ளைகள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில் என்று எல்லாவற்றுக்கும் ஓடிக் களைத்திருந்தது. நீக்கிலாஸ் உள்ளே ஏறித் திறப்பைப் போட்டுத் திருப்பினான். செட்டுக்குள்ளிருந்து வயதான ஒரு பெண்குரல் கிளம்பியது.

“உவனை நம்பி உன்னைக் குடுத்தது என்ர பிழை, பிள்ளை. கனடாவுக்குப் போய் ஆறு வருசம். இன்னும் பிஸ்கற் பெட்டி அடுக்கிறானாம். ஒரு வேலை ஒழுங்காச் செய்யத் துப்பில்லாதவன்...”

நீக்கிலாஸ் பதறிப்போய்த் திறப்பை மறுபக்கம் திருப்பினான்.

“ஆர் அக்கா இது?”

“என்ர அம்மா.”

“ஆரை ஏசுறா?”

“என்ர மனுசனைத்தான்.”

இரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வழியாக வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்துவிட்ட கசெற் அது. கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, பேசியே பதிந்து அனுப்பியிருந்தார். சுகம் விசாரிப்பது பத்து நிமிடம். மிச்சம் முழுக்க மருமகன். அது இந்தச் செட்டில் போய்ச் சிக்கிக்கொண்டது. எந்தப் பட்டனை அமத்தினாலும் வெளியே வராது. நிற்பாட்டுகிற குமிழ் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. திறப்பைத் திருப்பினால் அம்மா தொடங்கிவிடுவார். ஒரு பக்கம் முடிந்தால் தானாகவே மறுபக்கம்.

அவளுடைய கணவர் இரத்தினவேல் மிசிசாகாவில் வேலைக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஏச்சு வாங்கினார், வரும்போது ஒரு மணி நேரம். “உம்மட அம்மா இண்டைக்கும் என்னோட வேலைக்கு வந்தவ” என்று சப்பாத்தைக் கழற்றியபடியே முறைப்பாடு சொல்வார். கடைக்குட்டிக்கு இன்னும் வாய்ப்பாடு வராது. அம்மம்மாவின் ஏச்சு மட்டும் தலைகீழ்ப் பாடம்.

“அப்ப கசெற் அறுந்தால் நல்லதுதானே அக்கா. ஏன் முகம் வாடுறியள்?”

குணவதி செட்டின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“தொண்ணூத்தஞ்சில சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டாப் பிறகு அம்மாவிட்டை இருந்து ஒரு தகவலும் இல்லைத் தம்பி. திரும்பிப் போன சனத்துக்குள்ளயும் இல்லையாம். அவவின்ர குரல் எண்டு உது ஒண்டுதான் இருக்குது.”

நீக்கிலாஸ் கையிலிருந்த ஸ்குறூ ட்றைவரைக் கீழே வைத்தான்.

“அப்ப விடுவம் அக்கா.”

“இல்லை, கழட்டுங்கோ. அந்த மனுசனும் எவ்வளவு காலத்துக்குத்தான் பொறுக்கும்? எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு ஓடுது. உண்மையைச் சொன்னால், உந்தக் கசெற் அப்பவே இல்லாமல் போயிருக்கோணும்.”

“எப்பிடி?”

“கசெற் வந்த புதுசில, அம்மா இப்பிடி ஏசினது எனக்கு வெக்கமாப் போச்சு. பன்னிரண்டு பாட்டைக் கடதாசியில எழுதி, கசெற்றையும் குடுத்து, கடையில இதுக்கு மேல பாட்டுப் பதிஞ்சுகொண்டு வாங்கோ எண்டு இவரை அனுப்பினனான். போற வழியில போட்டுப் பாத்தவராம், சிக்கிப்போச்சாம். பாட்டு எழுதின கடதாசியையும் எங்கயோ துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறார்.”

“அப்ப அம்மா சொல்லுறதிலயும் ஒரு நியாயம் இருக்குது” என்றான் நீக்கிலாஸ், சிரிக்காமல்.

“நீங்கள் கழட்டுங்கோ தம்பி” என்றாள் குணவதி.

அவன் செட்டை மெல்ல இழுத்தெடுத்து, வயர்களைக் கழற்றி, மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். குணவதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே ஏதோ ‘டக்’ என்றது.

“அக்கா.”

“அறுந்திட்டுதோ?”

“இல்லை. முழுசா வந்திட்டுது. இது சிக்கவே இல்லை அக்கா, செட்டிலயும் ஒரு பிழையும் இல்லை. கசெற்றை வெளியில தள்ளுற பட்டன் உள்ளுக்குப் போகாமல் ஆரோ கடதாசி ஒண்டை எட்டா மடிச்சு இறுக்கிச் செருகி இருக்கினம். நல்ல ஒழுங்கான வேலை.”

குணவதி அதை வாங்கி மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். மங்கிப்போன நீல மையில், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கமிட்டு, அவளுடைய கையெழுத்திலேயே பாட்டுகள் இருந்தன.

“புதுச் செட்டைப் பூட்டவோ அக்கா?”

“வேண்டாம் தம்பி” என்று அவள் கடதாசியை மறுபடி எட்டாக மடித்தாள். “இதை இருந்த மாதிரியே செருகிவிடுங்கோ.”